போர் (ஆழ்துளைக் கிணறு) போட ஏஜென்ட்டிடம் பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

சிங்கப்பூர் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமைகளில் "ஊர் நிலத்துக்கு போர் போட்டுத் தர்றோம், நீங்க அலைய வேணாம்" என்று ஒருவர் ஆள் பிடிக்கிறார். பெயர் போடவில்லை. நான் மாட்டிக்கொண்டேன்.

அப்பா விட்டுப்போன நிலம் கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையம் பக்கம். பள்ளத்தாக்கு என்றாலே பச்சைப்பசேல் என்று நினைப்போம். 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீர் மலையைக் குடைந்து வந்து பாயும் தாழ்வான பக்கத்தில்தான் இருபோக நெல். எங்களுடையது வாய்க்காலுக்கு மேலே மேட்டுக்காடு. கிணறும் போரும்தான் கதி. திராட்சை போட ஆசை எனக்கு. குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும் ஊரில் வளர்ந்தவனுக்கு வேறென்ன தெரியும்!

"850 அடி போடணும். 300-க்கு மேல அடிக்கு ரேட்டு ஏறும் தம்பி" என்றார் ஏஜென்ட். ரேட் ஏறுவது வழக்கம்தான், அதில் பொய்யில்லை. வயிற்றெரிச்சல் என்னவென்றால், விலை கூடின அடியெல்லாம் யார் கண்ணுக்கும் தெரியாத ஆழத்தில் இருக்கிறது. 3,200 வெள்ளி. பாதி பேநவ் (போன் வழி வங்கிப் பரிமாற்றம்), பாதி ரொக்கம். ரசீது கேட்கக் கூச்சம், ஊர்க்காரர் ஆயிற்றே.

வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தது. பனைமர உயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். கம்ப்ரசர் காற்று தள்ளினால் குழியில் தேங்கின தண்ணீரும் அப்படித்தான் எகிறும் என்று பிறகுதான் தெரிந்தது. மணிக்கணக்கில் மோட்டார் ஓட்டி, மட்டம் எவ்வளவு இறங்குகிறது, நிறுத்தினால் எத்தனை நேரத்தில் ஏறுகிறது என்று பார்த்தால்தான் ஊற்றின் யோக்கியதை தெரியும்.

மோட்டார் இறக்க வந்தவர் 430 அடியிலேயே தட்டுகிறது என்றார். சித்தப்பா கயிற்றில் கல் கட்டி விட்டார், அதே கணக்கு. ஏஜென்ட்டைக் கேட்டால், "உள்ளே மண்ணு சரிஞ்சிருக்கும்." பாறை வரைக்கும் கேசிங் குழாய் இறக்காவிட்டால் சரியும்தான். ஆனால் பக்கத்துக் காட்டுக்காரர் அன்றிரவு தூக்கம் வராமல், துளை போட ஒன்றன்பின் ஒன்றாக இறக்கும் ராடை எண்ணியிருக்கிறார். 22 ராடு, ஒவ்வொன்றும் 20 அடி. 440-க்கு மேல் துளையே போடவில்லை.

"850 போட்டிருந்தாலும் பொடிதான் பறந்திருக்கும்டா" என்கிறார் சித்தப்பா. அங்கே கடினப் பாறை. தண்ணீர் இருப்பது விரிசல்களில், ஆழம் போகப் போக விரிசலும் குறையும். முதல் நாளே அவரைக் கேட்டிருக்கலாம்.

போடுவதென்றால் ராடும் கேசிங்கும் எண்ண உங்கள் ஆள் ஒருவர் லாரி கிளம்பும்வரை நிற்கட்டும். அளந்து பார்த்த பிறகு மீதிப் பணம்.

இங்கே சின்னத் தொகைகளுக்கான நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை 2 ஆண்டுக்குள் கேட்கலாம். பேநவ் பதிவை வைத்து மனு போடப்போகிறேன். ரொக்கமாகக் கொடுத்ததற்குத் துண்டுச் சீட்டுகூட இல்லை. அவர் அதே வீடியோவை இப்போது வேறொருவரிடம் காட்டிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.