மிருதங்கத் தொப்பியின் நாதம் திரும்பிய அறை: ஏழு ஆண்டு அனுபவம்

சென்னை வீட்டின் 16 அடி நீள அறை ஒன்றை 2018-இல் ஒலிப்பதிவுக் கட்டுப்பாட்டு அறையாக மாற்றினேன். கர்நாடக இசைப் பதிவுகளை மிக்ஸிங் செய்வது, அதாவது குரலையும் வாத்தியங்களையும் அளவாகக் கலந்து சமன்படுத்துவது, என் தொழில். கடைக்காரரின் பேச்சைக் கேட்டுச் சுவர் முழுவதும் இரண்டங்குல ஃபோம் ஒட்டினேன். கைதட்டினால் எதிரொலி இல்லை. அறை தயாராகிவிட்டதாக நம்பினேன்.

சில மாதங்களில் ஒரு மூத்த மிருதங்க வித்வான், நான் முடித்துக் கொடுத்த பதிவைக் காரில் கேட்டுவிட்டு அழைத்தார். "தம்பி, தொப்பியில் நான் இவ்வளவு ரவை ஒட்டவில்லையே!" என்றார். தொப்பி என்பது மிருதங்கத்தின் இடப்பக்கம்; ரவை ஒட்டினால் அதன் நாதம் தாழ்ந்து கனக்கும். பதிவில் அந்தத் தொப்பி குமுறியது, வலப்பக்கமான வலந்தலையின் சொற்கள் அதில் அமுங்கிக் கிடந்தன. என் அறையிலோ அதே தொப்பி மெலிந்து கேட்டது. அதனால்தான் அதைக் கூட்டிக்கொண்டே போயிருந்தேன்.

கோளாறு நாற்காலி போட்ட இடத்தில் இருந்தது. அறையின் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தேன். 16 அடி நீளத்துக்குச் சுமார் 35 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் நிலையலைகள் எழும்; சுவர்களுக்கிடையே பட்டுத் திரும்பும் ஒலி சில இடங்களில் ஓங்கியும் சில இடங்களில் அடங்கியும் நிற்பதுதான் அது. அவற்றில் 35-ம் 105-ம் சரியாக நடுவில் அடங்கிப்போகும். அந்தக் கச்சேரி பெண் குரல், சுருதி ஐந்தரைக் கட்டை. ஆதார சுரமான சட்ஜம் ஏறக்குறைய 208 ஹெர்ட்ஸ். தொப்பி அதற்கு ஒரு ஸ்தாயி கீழே, 104-ஐ ஒட்டி ஒலித்தது. நான் உட்கார்ந்த இடமே அதை விழுங்கியிருக்கிறது.

ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருளில் மைக் வைத்து அளந்தேன். வரைபடத்தில் அதே 105 ஹெர்ட்ஸ் அருகே பெரிய பள்ளம். முன்சுவரிலிருந்து காது ஆறடியில் இருக்கும்படி நாற்காலியை நகர்த்தி, ஸ்பீக்கர்களையும் அதற்கேற்ப மாற்றினேன். கும்கி கேட்டது! மணிக்கட்டு தோலை அழுத்தித் தேய்க்கும்போது எழும் அந்த இழுவை, தொடக்கம் முதல் முடிவு வரை. அன்று வேறு வேலை எதுவும் ஓடவில்லை.

பிறகு ஃபோமைப் பிய்த்தெறிந்தேன். 105 ஹெர்ட்ஸ் அலையின் கால்பங்கே 80 சென்டிமீட்டருக்கு மேல். இரண்டங்குல ஃபோம் அதை என்ன செய்யும்? நான்கு மூலைகளிலும் தரையிலிருந்து கூரை வரை 10 சென்டிமீட்டர் கனமுள்ள ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு) பலகைகளைக் குறுக்காக நிறுத்தினேன். பின்னால் காற்று இடைவெளி இருப்பதால் அதே பலகை இன்னும் தாழ்ந்த ஒலிகளிலும் வேலை செய்கிறது. பக்கச் சுவரில் ஸ்பீக்கர் ஒலி பட்டு என் காதுக்குத் திரும்பும் இடங்களைக் கண்டுபிடிக்க உதவியாளர் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போக, நாற்காலியிலிருந்து பார்க்கையில் ஸ்பீக்கர் தெரிந்த இடங்களில் பலகை மாட்டினோம். தலைக்கு மேலும் ஒன்று தொங்குகிறது.

இத்தனை ஆண்டில் ராக்வூல் சரியவில்லை. ஆனால் வெளிச்சுவரை ஒட்டியிருந்த பலகையின் துணி, ஓர் ஐப்பசி மழையில் பூஞ்சை பிடித்தது. ஓரங்குலம் தள்ளி மாட்டிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. மேல்துணிக்கு உள்ளே நெய்யாத துணியால் ஓர் உறை அவசியம் போடுங்கள். ராக்வூல் இழை கையில் பட்டால் அரிப்பு தாங்காது.

தெருவின் ஹாரன் சத்தம் இன்றும் உள்ளே வருகிறது. இந்தப் பலகைகள் அதைத் தடுப்பதற்கானவை அல்ல. அதற்குக் கதவும் சன்னலும் கனமாக, இடுக்கில்லாமல் அடைபட வேண்டும். அதைச் சொல்லாமல் பலகை விற்பவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு.

35 ஹெர்ட்ஸ் முழக்கம் இன்னும் தீரவில்லை. மிருதங்கத்துக்கு அது பெரிய இடைஞ்சல் இல்லை. அவ்வளவு தாழ்ந்த ஒலிகள் உள்ள வேலை வந்தால் ஹெட்ஃபோனில் ஒருமுறை சரிபார்க்கிறேன். வரும் மார்கழிக்குள் பின்சுவர்ப் பலகையின் கனத்தை 30 சென்டிமீட்டராக்கப் போகிறேன். தச்சரிடம் அளவு கொடுத்தாயிற்று.