ஸ்னூஸ் இருந்த இடத்தில் ‘நிறுத்து’

ஞாயிற்றுக்கிழமை இரவு, மறுநாளைக்கு அரிசி உளுந்தை ஊறப்போட்டுவிட்டு வந்து படுக்கும்போதுதான் போனின் பெரிய அப்டேட்டுக்கு "இன்ஸ்டால்" என்பதை அழுத்தினேன். நாலு ஜிபிக்குக் கொஞ்சம் கம்மி. இரண்டு வாரமாகத் தினம் ஒரு தடவை "புதிய அனுபவத்துக்குத் தயாரா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. தயார் இல்லை என்று சொல்வதற்குப் பட்டன் கிடையாது. "பிறகு நினைவூட்டு" மட்டும்தான். நச்சரிப்பு தாங்காமல் ஒப்புக்கொண்டேன்.

எந்தக் கம்பெனி போன் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் அந்தக் கம்பெனி ரசிகர்கள் ஒரு பக்கமும் எதிர்க்கட்சிக்காரர்கள் ஒரு பக்கமும் நின்றுகொண்டு என்னை விட்டுவிட்டு அவர்களுக்குள் அடித்துக்கொள்வார்கள். ஆண்ட்ராய்டு போன், தள்ளுபடியில் பதினெட்டாயிரம் ரூபாய், இரண்டு வருடப் பழசு. அதே நாளில் அதே மாடலில் அம்மாவுக்கும் ஒன்று வாங்கினேன். சொல்லவேண்டிய கதையே அம்மாவின் போனில்தான் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

முதலில் என் கதை. எனக்கு அலாரம் காலை 5.10க்கு. ஒரு தடவை ஸ்னூஸ் போட்டுவிட்டு 5.20க்கு எழுவது பல வருடப் பழக்கம். கண்ணைத் திறக்காமலே கை போய் வலப்பக்கம் தொடும், போன் வாயை மூடிக்கொள்ளும். திங்கட்கிழமையும் கை அப்படித்தான் போயிற்று. ஆனால் ஸ்னூஸ் இருந்த இடத்தில் இப்போது ‘நிறுத்து’ உட்கார்ந்திருக்கிறது. ஸ்னூஸ் இடப்பக்கம் குடியேறிவிட்டது. விழித்தபோது மணி 6.05. மாவு அரைபடவில்லை, குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது, 8.14 வண்டியும் போய்விட்டது.

மும்பையில் செம்பூரிலிருந்து சிஎஸ்எம்டி ஸ்டேஷனுக்குப் போகும் ஹார்பர் ரயில் லைனில் ஒரு வண்டியைத் தவறவிடுவது என்றால் வெறும் பத்து நிமிடத் தாமதம் இல்லை. லேடீஸ் டப்பாவில், அதாவது பெண்கள் பெட்டியில், எங்களுக்கு ஒரு குரூப் உண்டு. வாஷியில் ஏறுகிற அக்கா எனக்கு ஜன்னல் பக்கம் இடம் பிடித்து வைப்பார். அன்றைக்கு அடுத்த வண்டியில், முன்பின் தெரியாத கூட்டத்தில், மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளாகப் பாதி உடம்பை மட்டும் வைத்து உட்கார்ந்து போனேன். குர்லாவுக்கு அப்புறம் அதுவும் இல்லை.

மறுநாள் குரூப்பில் சொன்னதும் ஆளுக்கு ஒரு கதை வந்தது. மான்குர்டில் ஏறுகிற பெண்ணுக்கு இருபத்து நாலு வயது. அவளும் என்னுடைய கம்பெனி போன்தான். அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது; ஐகான்கள் உருண்டையாக இருக்கின்றனவாம், வால்பேப்பருக்கு ஏற்ற மாதிரி நிறம் மாறுகிறதாம். வாஷி அக்காவிடம் ஐபோன். 2025 செப்டம்பர் 15 அன்று ஐஓஎஸ் 26 வந்த வாரத்திலேயே போட்டுக்கொண்டவர் அவர். நம்பர் 18லிருந்து ஒரே தாவில் 26. எல்லாமே கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும், லிக்விட் கிளாஸ் என்று பெயர். எழுத்தைப் படிக்க முடியவில்லை என்று உலகம் முழுக்கப் பலர் சொன்னதால், நவம்பரில் வந்த 26.1ல் அந்தக் கண்ணாடியை மங்கலாக்கிக்கொள்ள ஒரு வழி வைத்தார்கள். வாஷி அக்கா அதைத் தொடவே இல்லை. "பைசா வசூல்" என்கிறார், கொடுத்த காசுக்குப் பலன் கிடைத்துவிட்டதாம்.

கோவண்டி டீச்சர்தான் கொதித்தார். புது போன் விற்பதற்காகப் பழைய போனைப் படுக்கவைக்கிறார்கள் என்பது அவர் கட்சி. இதை ஏதோ வாட்ஸ்அப் வதந்தி என்று தள்ளிவிடவும் முடியாது. பேட்டரி தேய்ந்த பழைய போன்களின் வேகத்தைக் குறைத்தோம், திடீரென்று அணைந்துபோகாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தோம் என்று ஆப்பிளே 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. அடுத்த வருடம் இத்தாலியில், அப்டேட்டால் போன்கள் மந்தமான விவகாரத்தில் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் போட்டார்கள். டீச்சரிடம் இதைச் சொன்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம்.

ஆனால் என் போன் மந்தமாகவில்லை. உள்ளதைச் சொல்லவேண்டும், கேமரா முன்பைவிடச் சட்டென்று திறக்கிறது, ஆபீஸ் எக்ஸெல் ஃபைல்கள்கூடத் திணறாமல் வருகின்றன. என் புகார் வேகத்தைப் பற்றியது இல்லை. வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவன் நன்றாகவே அடித்துவிட்டு, போகிற போக்கில் சமையலறை அலமாரியையும் அவன் இஷ்டத்துக்கு அடுக்கி வைத்துவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? கடுகு டப்பா இருந்த இடத்தில் சீரகம். டப்பா புதுசுதான், பளபளப்புதான். எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது எனக்கு வேண்டியது பளபளப்பா?

டார்ச்சும் அப்படித்தான். முன்பு மேலிருந்து இழுத்தால் நோட்டிஃபிகேஷனும் டார்ச்சும் ஒன்றாக வரும். இப்போது இடப்பக்கத்திலிருந்து இழுத்தால் நோட்டிஃபிகேஷன், வலப்பக்கத்திலிருந்து இழுத்தால் டார்ச். எங்கள் பில்டிங்கில் இரண்டாவது மாடிப் படிக்கட்டு பல்பு பியூஸ் போய் மாதக்கணக்காகிறது. இருட்டில், ஒரு கையில் காய்கறிப் பையோடு, எந்தப் பக்கம் என்று யோசித்துக்கொண்டு நிற்கிறேன். செட்டிங்ஸில் இரண்டையும் பழையபடி ஒன்றாக்கிக்கொள்ள முடியும் என்று வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. மேலே இழுத்ததும் மூலையில் ஒரு பென்சில் படம் இருக்கும், அதற்குள் இருக்கிறது.

பேட்டரி விஷயத்தில் முதல் மூன்று நாள் உயிர் போய் உயிர் வந்தது. காலை ஏழு மணிக்கு நூறு, சாயங்காலம் மஸ்ஜித் ஸ்டேஷன் தாண்டும்போது ஒன்பது. என் ரயில் பாஸ் போனுக்குள்தான் இருக்கிறது. போன் அணைந்துவிட்டால், பாஸ் எடுத்திருக்கிறேன் என்று சொல்லிப் பயனில்லை. டிக்கெட் பரிசோதிக்கும் டிசி கேட்கும்போது காட்ட முடியாவிட்டால் டிக்கெட் இல்லாத பயணி கணக்குத்தான். கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். பணத்தை விடுங்கள், இந்த வயதில் பிளாட்பாரத்தில் ஓரமாக நிறுத்திவைத்தால் தெரிந்தவர்கள் யாராவது பார்க்கமாட்டார்களா? செவ்ரியிலிருந்து செம்பூர் வரைக்கும் திரையை அணைத்து மடியில் வைத்துக்கொண்டு, குழந்தை தூங்குகிற மாதிரி பார்த்துக்கொண்டே வந்தேன்.

சர்வீஸ் சென்டரில் கேட்டதற்கு, முகத்தைக்கூட நிமிர்த்தாமல், எல்லாவற்றையும் அழித்து ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள் என்றார்கள். செம்பூர் ஸ்டேஷன் பக்கத்தில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கும் திருநெல்வேலித் தம்பிதான் காப்பாற்றினார். "அக்கா, ஒண்ணும் அழிக்காதீங்க. பெரிய அப்டேட்டு போட்டா உள்ள இருக்கற ஒவ்வொரு ஆப்பையும் போன் புதுசா தயார் பண்ணும், போட்டோவெல்லாம் திரும்ப அடுக்கும். நாலு நாள் ராத்திரி வைஃபையில சார்ஜ் போட்டு விட்ருங்க, தன்னால சரியாயிரும்" என்றார். பழசுக்கே திரும்பிவிட முடியாதா என்று கேட்டேன். முடிந்தாலும் போனில் இருப்பதெல்லாம் அழிந்துதான் போகும், சில மாடலில் அதற்கும் வழி கிடையாது என்றார். காசு வாங்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் 36 இருந்தது. அப்டேட்டுக்கு முன்னால் 40 இருக்கும். நாலு போனது போனதுதான்.

யாரும் எழுதாத ஒன்றை இங்கே எழுதியாகவேண்டும்: தமிழ் எழுத்து. இந்த அப்டேட்டில் எழுத்துரு மெலிந்துவிட்டது. ஆங்கிலத்துக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழுக்குத் தலையில் புள்ளி உண்டு, சுழி உண்டு. நோட்டிஃபிகேஷன் வரியின் உயரம் ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்தால் தலை வெட்டுப்படுகிறது. சொந்தக்காரர்கள் குரூப்பில் வந்த "அக்கா" "அககா" ஆகிவிட்டாள். "மீன் வாங்கவா?" என்று வீட்டுக்காரர் அனுப்பியதை "மின் வாங்கவா?" என்று படித்துவிட்டு, கரண்ட் பில்லைத்தான் கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து "போன வாரமே கட்டியாச்சு" என்று பதில் போட்டேன். அன்றைக்கு மீன் இல்லை. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் எழுத்தளவை ஒரு படி குறைத்து, தடித்த எழுத்து என்பதை ஆன் செய்தால் புள்ளிகள் திரும்பி வருகின்றன. கீபோர்டு நான் பழக்கி வைத்திருந்த பேச்சுத் தமிழை மொத்தமாக மறந்துவிட்டது. "வந்துட்டேன்" என்று அடிக்கப்போனால் "வந்தடைந்தேன்" என்று எடுத்துக்கொடுக்கிறது. ஏதோ காசி யாத்திரை போனவள் மாதிரி. அதுவும் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

அம்மாவின் போனுக்கும் நானேதான் அதே ஞாயிற்றுக்கிழமை அப்டேட் போட்டேன். தப்பு முழுக்க என்னுடையது. அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. அவருக்கு போன் என்பது ஒரே ஒரு வேலைதான்: மணி அடித்தால் பச்சையை மேலே தள்ளிவிட்டு "சொல்லு" என்பது. புது ஏற்பாட்டில் பச்சையை வலப்பக்கம் தள்ளினால் எடுக்கும், இடப்பக்கம் தள்ளினால் கட்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து மாமா கூப்பிட்டிருக்கிறார். அம்மா மேலே தள்ளியிருக்கிறார், கீழே தள்ளியிருக்கிறார், விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி தள்ளியிருக்கிறார். எப்படியோ இடப்பக்கம் போய் கட். மாமா மறுபடி அடிக்க, மறுபடி கட். மூன்றாவது தடவையும் ஆனதும் மாமா ஆபீஸ் நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். "உங்கம்மா என் போனை எடுத்து எடுத்து கட் பண்றா. கல்யாணப் பத்திரிகையை நேர்ல வந்து வைக்கலைன்னு கோவமா?" என்றார். இல்லை மாமா என்று சமாதானம் சொல்லிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். என்னையும் கட் செய்தார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் போன் டிவி மேல் தலைகுப்புறக் கிடக்கிறது. "இது என் போன் இல்ல. உன் பொண்ணுதான் மாத்தி வச்சுட்டா" என்றார். திருப்பிப் பார்த்தோம். சேடா நகர் முருகன் கோவிலில் வாங்கிய ஸ்டிக்கர் உறையில் அப்படியே இருந்தது, மூலையில் கீழே விழுந்த தழும்பும் இருந்தது. அதையெல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, "உறை என்னுதுதான். உள்ள இருக்கறது வேற" என்றார். அதற்கு மேல் நான் என்ன வாதாட?

அழைப்பு செட்டிங்ஸுக்குள் போய்த் தேடினால், தள்ளாமல் ஒரு தடவை தொட்டாலே எடுக்கிற மாதிரி வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் முதல் வேலையாக அதை மாற்றிவிடுங்கள். அடிக்கடி பேசுகிற ஐந்து பேரை அவரவர் போட்டோவோடு முகப்பிலேயே வைத்துவிட்டேன். மாமாவுக்குக் கூப்பிட்டுக் கொடுத்தேன். பத்திரிகை நேரில் வைக்காததைப் பற்றி அம்மா அப்போதுதான் நிஜமாகவே கேட்டார்.

நல்லது என்று ஒன்று இருக்கிறது. புது மெனுவில் டார்ச்சைத் தேடித் தொலைந்தபோது, திருட்டுக்கான பூட்டு கண்ணில் பட்டது. கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினால் போன் அந்த அசைவைக் கண்டுபிடித்துத் தானே பூட்டிக்கொள்ளும். ஆண்ட்ராய்டில் 2024லேயே வந்துவிட்டதாம், இந்த அப்டேட்டுக்குச் சம்பந்தமே இல்லை. நான் பார்த்தது இப்போதுதான். தண்டவாளத்தின் ஓரம் நின்றுகொண்டு, ரயில் வாசலில் நிற்பவர்கள் கையில் ‘ஃபட்கா’ என்று ஓர் அடி அடித்துப் போனை விழவைக்கிற கூட்டம் இருக்கிற ஊரில் இது வேண்டியதுதான். மகள் சோதனை செய்கிறேன் என்று என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஹாலிலிருந்து சமையலறைக்கு ஓடினாள். பூட்டவில்லை. எங்கள் ஹால் பத்தடி. அதற்குள் எந்தத் திருடன் ஓடிக்காட்ட முடியும்?

ஐந்துக்கு எத்தனை என்றால், எனக்கு மூன்று. மான்குர்டு பெண் நாலரை என்கிறாள். அம்மாவைக் கேட்டால் மைனஸில் போகும். போடப்போகிறவர்கள் சனிக்கிழமை இரவு போடுங்கள், மறுநாள் அலாரம் வேண்டாத நாளாகப் பார்த்து. பையில் பவர் பேங்க் நாலு நாளைக்கு இருக்கட்டும். அலாரம் திரையை விழித்திருக்கும்போதே ஒரு தடவை அடிக்கவைத்துப் பார்த்துவிடுங்கள். நான் ஸ்டேஷன் வெளியே 180 ரூபாய்க்கு ஒரு கடிகாரம் வாங்கிவிட்டேன். மண்டையில் ஒரே பட்டன், தட்டினால் நிற்கும்.

நேற்று இரண்டு போனிலும் 73 எம்பிக்கு ஒரு குட்டி அப்டேட் வந்து நிற்கிறது, சில பிழைகளைச் சரிசெய்திருக்கிறோம் என்று. "பிறகு நினைவூட்டு" போட்டேன். அம்மாவின் போனைக் கையில் எடுத்ததைப் பார்த்துவிட்டு, சோபாவிலிருந்தே கேட்டார்: "இந்தத் தடவை பச்சையை எங்க கொண்டுபோய் வச்சிருக்கான்?"