புது வரைபடத்துக்குத் தையல் முறையா, கிளிங்கரா?

பன்னிரண்டு, பதினான்கு அடியில் ஒரு மரப் பாய்ப்படகைச் சொந்தமாகக் கட்ட நினைப்பவர்களுக்கு இன்று பெரும்பாலும் இரண்டு வழிகள். பிளைவுட் பலகைகளைக் கம்பியால் தைத்து எபாக்ஸிப் பசையால் ஒட்டும் 'ஸ்டிட்ச் அண்ட் க்ளூ' ஒன்று. பலகை விளிம்பின் மேல் அடுத்த பலகையை ஏற்றி ஒட்டும் 'கிளிங்கர்' இன்னொன்று. யாரும் இதுவரை கட்டிப் பார்க்காத வரைபடம் என்றால் நான் கிளிங்கர் பக்கம். புதிதாகக் கட்டுபவர்களுக்குப் பலரும் சொல்வது தையல் முறையைத்தான்.

அதற்குக் காரணம் இருக்கிறது. 1963இல் பிரிட்டனில் அறிமுகமான மிரர் டிங்கி என்ற சிறு பாய்ப்படகு, 10 அடி 10 அங்குலம், தையல் முறையில் வந்தது. வடிவமைத்தவர்கள் ஜாக் ஹோல்ட்டும், தொலைக்காட்சியில் வீட்டு மரவேலை கற்றுக்கொடுத்த பாரி பக்னெலும். தச்சு தெரியாதவர்கள்கூடக் கட்டினார்கள். இதுவரை 70,000க்கு மேல் கட்டப்பட்டிருக்கின்றன. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் கையில் இருந்தது கிட்: அளவு சரிபார்த்து வெட்டிய பலகைகள். இதைத்தான் மறந்துவிடுகிறோம்.

தையல் முறையில் படகின் உருவம் முழுக்கப் பலகையின் ஓரக்கோட்டில் அடங்கியிருக்கிறது. வெட்டி, ஓரத்தில் துளையிட்டு, செம்புக் கம்பியை முறுக்கி இழுத்தால் தட்டைப் பலகை வளைந்து படகாகிவிடும். (நம் கடற்கரையின் பழைய மசூலா படகில் கயிற்றுத் தையல்தான் படகையே பிடித்து நிற்கும், இங்கே பசை இறுகியதும் கம்பியை உருவிவிடலாம்.) வரைந்தவர் ஒரு கோட்டில் கொஞ்சம் பிசகியிருந்தால், அது தைக்கும்போதுதான் தெரியும். அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், வாய் பிளக்கும், இல்லையென்றால் படகே ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். பிளவைப் பசை போட்டு அடைக்கலாம். முறுக்கை என்ன செய்வது? பலகையோ ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது.

கிளிங்கரில் முதலில் ஏணி போன்ற ஒரு சட்டம், அதன்மேல் படகின் குறுக்குவெட்டு வடிவில் வெட்டிய அச்சுகள். படகு கவிழ்ந்தபடி உருவாகும். மெல்லிய மரச் சிம்பு ஒன்றை அச்சுகள் மேல் வளைத்து வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பாருங்கள். எந்த அச்சு துருத்துகிறது, எது பள்ளம் என்று உடனே தெரியும். துருத்துவதை இழைத்துவிடலாம், பள்ளத்தில் மெல்லிய மரத்துண்டு ஒட்டிவிடலாம். பிளைவுட்டில் இன்னும் ரம்பமே படவில்லை. அப்புறம் ஒவ்வொரு பலகையின் அளவும் அச்சிலிருந்தே எடுக்கப்படுகிறது, வரைபடத்திலிருந்து அல்ல.

சரி, இதற்குக் கொடுக்கும் விலை? அச்சுக்கும் சட்டத்துக்கும் போகும் மரம் படகோடு வராது. விளிம்பைச் சாய்வாக இழைப்பதும், அணியத்தில் பலகைகள் ஒன்றோடொன்று சமமாகப் படியச் செய்வதும் பழகாத கையைப் படுத்தும். தையலிலோ உப்புத்தாள் வேலை ஓயாது. எபாக்ஸி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் லேசில் விடாது என்பதால் கையுறை இரண்டுக்குமே கட்டாயம்.

வடிவமைப்பாளரே சிஎன்சியில் (கணினி இயக்கும் வெட்டு இயந்திரத்தில்) வெட்டிக் கொடுத்து, அந்தக் கோப்பிலிருந்து ஒரு படகாவது தண்ணீரில் இறங்கியிருந்தால் தையலுக்கே போகலாம். வரைபடம் மட்டும்தான், ஆனாலும் தையல்தான் என்றால், அதே அளவுகளைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கி அட்டையில் வெட்டி ஒட்டிப் பாருங்கள். அட்டையில் கூடாத மூட்டு பிளைவுட்டிலும் கூடாது.