ஒடுகத்தூர் பக்கம் வீட்டுக் காற்றாலை: சில ஆடி மாதங்கள் ஓட்டிப் பார்த்த அனுபவம்

எங்கள் கிணற்று மேட்டில் கையால் செய்த சின்னக் காற்றாலை ஒன்று சில வருடங்களாக ஓடுகிறது. 12 வோல்ட் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவதுதான் அதன் வேலை. மோட்டார் கொட்டாயில் ராத்திரிக்கு இரண்டு எல்இடி விளக்கு, செல்போன் சார்ஜ், காவலுக்குப் படுப்பவருக்கு ஒரு சின்ன டிசி ஃபேன், அவ்வளவுதான். வேலூர் பக்கம் இதைச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் மோட்டார் தேடப் போவதற்கு முன்னால் காற்றைப் பாருங்கள்.

நமக்கு ஆரல்வாய்மொழிக் காற்றோ பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோ கிடையாது. பங்குனி, சித்திரையில் எங்கள் நிலத்தில் பல நாள் வேப்பிலைகூட அசையாது. ஆனி பிறந்தால்தான் மேற்கே இருந்து பிடிக்கும், ஆடியில் நன்றாக வீசும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதில் இருக்கும் சக்தி எட்டு மடங்காகும், எல்லாமே இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. 6 அடி விட்டமுள்ள இறக்கைக்கு, கால்வாசி சக்தியைப் பிடிக்கிறோம் என்று வைத்தால், வினாடிக்கு 3 மீட்டர் காற்றில் சுமார் 10 வாட், அதுவே 6 மீட்டர் ஆனால் 80 வாட்டுக்கு மேல். இறக்கையை எவ்வளவு நன்றாகச் செதுக்கினாலும் 59 சதவீதத்துக்கு மேல் எடுக்க இயற்கையே விடாது, அதனால் இறக்கையில் மெனக்கெடுவதைவிட கம்பத்தின் உயரத்துக்குச் செலவு செய்யுங்கள். மொட்டை மாடியிலோ தென்னந்தோப்புக்கு நடுவிலோ வைத்தால் சுழல் காற்றுதான் கிடைக்கும், இறக்கையைக் காற்றுப் பக்கம் திருப்பும் வால் இங்கும் அங்கும் ஆடிக்கொண்டே இருக்கும்.

ஜெனரேட்டருக்கு காயலான் கடையில் எடுத்த 48 வோல்ட் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஹப் மோட்டார், அதாவது சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் மோட்டார். கார் ஆல்டர்னேட்டர் வேண்டாம், அதற்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் வேண்டும், உள்ளே காந்தத்தை உண்டாக்கும் ஃபீல்டு காயிலுக்கு பேட்டரியிலிருந்தே கரண்ட்டும் கேட்கும். ஹப் மோட்டார் 48 வோல்ட்டுக்குச் செய்தது என்பதால் அதன் முழு வேகத்தில் கால்பங்கைக் கொஞ்சம் தாண்டினாலே 12 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஏறத் தொடங்கிவிடும், நம் ஊர்க் காற்றுக்கு அதுதான் பொருத்தம். வாங்கும்போது கையால் சுற்றிப் பாருங்கள்: மோட்டாரிலிருந்து கரண்ட் வரும் மூன்று ஒயரையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துச் சுற்றினால் சக்கரம் சேற்றில் சிக்கியது மாதிரி இறுக வேண்டும். ஒரு பக்கம் சும்மா சுற்றினால் உள்ளே கியரும் ஃப்ரீவீலும் இருக்கிறது, இந்த வேலைக்கு ஆகாது. இதே குணத்தை பிரேக்காகவும் வைத்துக்கொள்ளலாம், ஒரு சுவிட்ச் போட்டு மூன்று ஒயரையும் ஷார்ட் செய்தால் இறக்கை அடங்கிவிடும். ஆனால் புயல் வந்தபிறகு இதை நம்பாதீர்கள், காற்று ஏறுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

மூன்று ஒயரிலும் வரும் ஏசி கரண்ட் ரெக்டிஃபையருக்குப் போய் டிசியாகி பேட்டரிக்கு வருகிறது. ஒயர் தடிமனில் மிச்சம் பிடிக்காதீர்கள், 60 அடி தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 7 ஆம்பியர் டிசி போனால் போகவரச் சேர்த்து 3 வோல்ட் அதிலேயே போய்விடும், 12 வோல்ட்டில் அது பெரிய நஷ்டம். சாதாரண சோலார் கன்ட்ரோலரையும் இதில் மாட்டக் கூடாது. பேட்டரி நிறைந்ததும் அது லைனைத் துண்டித்துவிடும், சுமை இல்லாத இறக்கை தறிகெட்டுச் சுற்றும். 14.4 வோல்ட் தாண்டினால் கரண்ட்டை ஹீட்டர் காயிலுக்குத் திருப்பிவிடும் டம்ப் லோடு கன்ட்ரோலர்தான் வேண்டும். ஆடி மாத ராத்திரியில் அந்தக் காயில் சூடாக இருந்தால் பேட்டரி நிறைந்துவிட்டது என்று கொட்டாயில் படுப்பவரே சொல்லிவிடுவார்.

சோலாரா காற்றா என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஒன்றுதான் முடியும் என்றால் யோசிக்காமல் சோலார். 100 வாட் பேனல் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 400 வாட்-மணி தந்துவிடும், வேலூரில் வெயிலுக்கா பஞ்சம்? ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வங்காள விரிகுடாவில் புயல் சின்னம் உருவாகி மூன்று நாள் சூரியனே தெரியாமல் மூடிக்கொள்ளும்போது, பேனல் தூங்கும் அந்த ராத்திரிகளில் காற்றாலை பேட்டரியைத் தாங்கிப் பிடிக்கிறது. எனக்கு அதற்காகவே இது வேண்டும். இரண்டையும் ஒரே பேட்டரிக்குக் கொடுத்திருக்கிறேன், டியூபுலர் பேட்டரி அடிமட்டம் வரை இறங்காமல் இருப்பதே அதன் ஆயுளுக்கு நல்லது.

பராமரிப்பு என்று பெரிதாக இல்லை. பிவிசி பைப்பில் வெட்டிய இறக்கை நம் வெயிலில் வெளுத்து நொறுங்கத் தொடங்கும், பெயின்ட் அடித்தே ஏற்றுங்கள், மயிரிழை விரிசல் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். வைகாசி முடிவதற்குள் கம்பத்தைச் சாய்த்து பேரிங், போல்ட், கம்பத்தை இழுத்துக் கட்டும் ஸ்டே ஒயர் எல்லாம் பார்த்துவிட்டால் அந்தப் பருவத்துக்கு மறுபடி இறக்க வேண்டியதில்லை. அதற்காகவே அடியில் கீல் வைத்த ஜிஐ கம்பமாகப் போடுங்கள், ஏறிப் பார்க்கிற கம்பம் வேண்டாம்.