ஹட்டனிலிருந்து திருச்சி: ஒரு மணி நேரமாம்!

கோத்தகிரியில் இருக்கும் சித்தப்பாவைப் பார்க்க அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டுமாம். கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவிலிருந்து திருச்சிக்கு ஒரு மணி நேரம் என்று நெட்டில் கிடக்கிறதே, உண்மையா என்று இலங்கை மலையகத்து ஹட்டனில் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார். பல வருடமாக அந்த வழியில் போய் வருகிறவன் என்பதால் என்னைப் பிடித்திருக்கிறார்.

உண்மைதான். வான்வழியில் சுமார் 420 கிலோமீட்டர். சீட் பெல்ட்டைக் கழற்றிச் சற்று சாய்ந்தால் இறங்கப் போகிறோம் என்று அறிவிப்பு வந்துவிடும். 2006இல் இலங்கை மறுபடி இந்திய நேரத்துக்கே வந்துவிட்டதால் கைக்கடிகாரத்தைத் திருகும் வேலையும் இல்லை. அந்த ஒரு மணி நேரத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடையாது.

என் எரிச்சலெல்லாம் அதற்கு முந்தைய பாதிதான். ஹட்டனுக்கும் கட்டுநாயக்கவுக்கும் நேர்கோட்டில் சுமார் 85 கிலோமீட்டர். விமானம் பறக்கும் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அதற்கு ஐந்து மணி நேரம்! கினிகத்தேனை வளைவுகளில் முன்னால் ஒரு மரக்கட்டை லொறி மாட்டினால் அதோடு சரி. வேனுக்குள் டீசல் புகை, பின் சீட்டில் யாரோ தேசிக்காயை முகர்ந்துகொண்டு, டிரைவரோ ஒரு கையால் போன் பேசிக்கொண்டு. மழைக்காலத்தில் மண்மேடு சரிந்தால் கித்துல்கல பக்கம் இறங்கி நின்று வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். அவிசாவளைக்கு அப்புறம் பாதை நிமிரும், ஆனால் கொழும்பு நெரிசல் தொடங்கிவிடும். 2013இல் திறந்த அதிவேகப் பாதையில் ஏறிய பிறகுதான் மூச்சே வரும். இவ்வளவுக்கும் ஹட்டன் பக்கத்துக் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சுற்றுலாக்காரர்கள் கடல் விமானத்தில் வந்து இறங்குவதை நாம் கரையில் நின்று பார்த்திருக்கிறோம். அந்தக் கட்டணம் நமக்குச் சரிவராது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். போகும்போது வலப்பக்க ஜன்னல் கேளுங்கள். மேகம் இல்லாத நாளில் முதலில் புத்தளம் களப்பு, அப்புறம் தலைமன்னாருக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே கடலில் வெளிறிக் கிடக்கும் மணல் திட்டுகள். மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு நம் சனம் பெட்டி படுக்கையோடு கப்பலில் கடந்த கடல் அது. ஜன்னலில் சில நிமிடம்தான் தெரியும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சலிக்கவில்லை. இதற்காகவே அடுத்த டிக்கட்டையும் போடலாம்.

சரி, நண்பரின் கேள்விக்கு வருவோம். வயதான அம்மாவோடு போவதென்றால் முதல் நாளே மலையிறங்கி, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நீர்கொழும்பில் தங்கிவிடுங்கள். விடியப்புறம் ஹட்டனில் ஏறி மத்தியான விமானத்தைப் பிடிக்கலாம் என்று கணக்குப் போடவே வேண்டாம். திருச்சியில் இறங்கினாலும் மேட்டுப்பாளையம் வரை போய் மறுபடி மலை ஏற வேண்டும், அங்கேயும் வளைவுதான். என்னைக் கேட்டால், சித்தப்பாவையே இங்கே வரச் சொல்லுங்கள். அவருக்கு வயது குறைவு, தாங்குவார்.