ஆராம் நகரில் என் நிறத்துக்கு ஒரு டப்பா

மும்பை வெர்சோவா ஆராம் நகரில் ஆடிஷனுக்கு அலைகிற நம் ஆட்கள், முக்கியமாக என்னைப் போல நல்ல கறுப்பாக இருக்கிற பெண்கள், இதைக் கொஞ்சம் படியுங்கள். அங்கே ஒரு மேக்கப் அறை இருக்கிறது. மூன்று தடவை போய்விட்டேன். மூன்று தடவையும் என் கைக்காசு கொடுத்துத்தான் போனேன்.

நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவள். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். பதினோரு வருடமாக விளம்பரம், சீரியல், வெப் சீரிஸ் என்று சின்னச் சின்ன வேடங்கள் செய்கிறேன். எனக்கு வருவதெல்லாம் வேலைக்காரி, மீன்காரி, ஆஸ்பத்திரி ஆயா. வேடத்துக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற கோ-ஆர்டினேட்டர் வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிற செய்தியில் 'அம்மா வேடம், 35–45, ஃபேர்' என்று இருந்தால் போனை அப்படியே கவிழ்த்து வைத்துவிடுவேன். ஃபேர் அண்ட் லவ்லிகூட 2020-இல் பெயரை குளோ அண்ட் லவ்லி என்று மாற்றிக்கொண்டது. இந்தச் செய்திகளில் 'ஃபேர்' இன்னும் அப்படியே நிற்கிறது. சரி, கறுப்புப் பெண்ணுக்கென்றே ஒரு வேடம் எழுதினால் அதாவது நமக்கு வருமா? 2019-இல் வந்த 'பாலா' இந்திப் படத்தில் அப்படி ஒரு வேடம் இருந்தது. அதற்குப் பூமி பெட்னேகரின் முகத்தைக் கறுப்பாக்கித்தான் நடிக்க வைத்தார்கள்.

செட்டில் என் முகத்துக்கு என்ன நடக்கும் என்பதைச் சொன்னால்தான் இந்த அறையைப் பற்றி நான் ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்று புரியும். மேக்கப் போடுகிற ஆளை இங்கே தாதா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். மேக்கப் தாதாவின் பெட்டியில் நாலைந்து ஃபவுண்டேஷன் ஸ்டிக் இருக்கும். அதில் எனக்குக் கிட்டத்தில் வருவதே என்னைவிட இரண்டு படி வெளுப்பு. அதைத் தேய்த்து, மேலே வெள்ளைப் பவுடரைத் தட்டினால் அரை மணி நேரத்தில் முகம் சாம்பல் பூத்துவிடும். காதும் கழுத்தும் அதன் சொந்த நிறத்தில் நிற்கும். மூன்று வருடம் முன்பு ஒரு மசாலா விளம்பரத்தில் நான் கரண்டி பிடிக்கிற ஷாட். மானிட்டரில் பார்த்துவிட்டு முகமும் கையும் ஒட்டவில்லை என்றார்கள். முகத்தைச் சரிசெய்யவில்லை, கைக்கும் அதே வெளுப்பைப் பூசினார்கள். சாம்பார் ஆவி பட்டு அது கரைந்து மணிக்கட்டில் கோடு கோடாக வழிந்தது. கடைசியில் வேறொரு பெண்ணின் கையை வைத்து எடுத்தார்கள். என் சம்பளத்தை ஒழுங்காகக் கொடுத்துவிட்டார்கள், அதைச் சொல்ல வேண்டும். ஆனால் அன்று ராத்திரி என் கையை நானே பார்க்கப் பிடிக்காமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

மாஸ் மீடியா படிக்கிற என் மகள்தான், "அம்மா, அது உன் கை பண்ண தப்பு இல்லம்மா" என்று விளக்கினாள். ஃபிலிம் காலத்தில் பிரிண்ட் போடும் லேப்களுக்குக் கோடாக் ஒரு மாதிரி அட்டை அனுப்புமாம். ஷெர்லி கார்டு என்று அதற்குப் பெயர். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பாள். அவள் தோல் சரியாக விழுந்தால் நிறம் சரி என்று கணக்கு. டார்க் சாக்லேட்டும் மில்க் சாக்லேட்டும் படத்தில் ஒரே மாதிரி தெரிகிறது என்று சாக்லேட் கம்பெனிகளும், மரத்தின் நிறம் பிரிந்து தெரியவில்லை என்று மேசை நாற்காலி செய்கிறவர்களும் புகார் சொன்ன பிறகுதான் பழுப்பு நிறங்களை அங்கே கவனித்துத் திருத்தினார்கள் என்றாள். இத்தனை கோடிப் பேர் முகம் இருக்கும்போது சாக்லேட்டுக்காகத் திருத்தினார்களா என்று எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இப்போது அந்த அறை. மாஹிமில் லோக்கல் ஏறி அந்தேரி, அங்கிருந்து மெட்ரோவில் வெர்சோவா, அப்புறம் ஆட்டோ. ஒரு பழைய ஓட்டு வீட்டின் பின்பக்கம், வாசலில் கறிவேப்பிலைச் செடி. பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. ஆடிஷன் வரிசையில் நிற்கிற பெண்களைக் கேட்டால் கை காட்டுவார்கள். நடத்துகிறவர் ஒரு மராத்திக்கார அம்மா. எல்லாரும் 'தாயி' என்கிறார்கள். எங்கள் ஊரில் தாயி என்றால் அம்மா, மராத்தியில் அக்கா.

முதல் தடவை போனபோது அவர் உடனே பிரஷைத் தொடவில்லை. "முகம் கழுவிட்டு வந்து ஜன்னல்கிட்ட உட்காருங்க" என்று இந்தியில் சொன்னார். பத்து நிமிடம் சும்மா உட்கார வைத்தார். கழுவின தோல் தன் நிறத்துக்குத் திரும்ப அவ்வளவு நேரம் வேண்டுமாம். அப்புறம் ஒரு எவர்சில்வர் தட்டில் மூன்று ஸ்டிக்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் சுரண்டிப் போட்டார்: ஒன்று ஆழ்ந்த காப்பிக்கொட்டை நிறம், ஒன்று செம்மண் நிறம், ஒன்றில் மஞ்சள் ஏறியிருந்தது. சின்னக் கத்தியால் குழைத்து என் தாடை ஓரத்தில் மூன்று கோடு இழுத்தார். முதல் கோடு சாம்பலாக நின்றது. இரண்டாவது சிவந்தது. மூன்றாவது கோட்டை நான் கண்ணாடியில் தேடினேன், காணவில்லை. "அதுதான் உங்க நிறம்" என்று விரலை வைத்துக் காட்டினார். வாயோரத்திலும் கண்ணுக்குக் கீழும் இருக்கிற கருமைக்கு முதலில் ஆரஞ்சு, அதன்மேல் என் நிறம், அதற்கும் மேலே வெள்ளைப் பவுடருக்குப் பதில் மஞ்சள் பவுடர். காதுக்கும் கழுத்துக்கும் ஒன்றும் போடவில்லை, போட வேண்டிய அவசியமே வரவில்லை. கடைசியில் போன் கேமராவில் ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்று, ரிங் லைட்டில் ஒன்று எடுத்துக் காட்டினார். இரண்டிலும் நான் இருந்தேன், எங்கள் ஆச்சியின் நிறத்தோடு.

தாயி பதினைந்து வருடம் சினிமா மேக்கப்காரர்கள் சங்கம் கொடுக்கிற ஹேர் டிரஸ்ஸர் கார்டில்தான் வேலை பார்த்தாராம். மேக்கப் தெரிந்தும் செய்ய முடியாது, ஏனென்றால் அப்போது மும்பையில் அந்தச் சங்கம் பெண்களுக்கு மேக்கப் கார்டே கொடுக்காது. ஐம்பது வருடத்துக்கும் மேலாக அப்படித்தான் இருந்தது. அமெரிக்காவில் மேக்கப் படித்துவிட்டு வந்த சாரு குரானா சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனார். 2014 நவம்பரில் அந்தத் தடை சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அதற்கு முன்னால் தாயி வேனுக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு ஹீரோயினுக்கு மேக்கப் போடுவாராம். யாராவது செக்கிங் வந்தால் பிரஷைத் துண்டுக்குள் சுருட்டிவிட்டுச் சீப்பைக் கையில் எடுத்துக்கொள்வாராம். சொல்லும்போதே அந்தத் துண்டைச் சுருட்டுகிற மாதிரி கை தானாகப் போனது. எனக்கு அது மறக்காது.

ஹாலிவுட்டிலும் கறுப்பின நடிகர்கள் சொந்த ஃபவுண்டேஷனைப் பையில் போட்டுக்கொண்டு செட்டுக்குப் போன கதைகள் நிறைய உண்டு. மேக்கப், சிகை அலங்காரத்துக்கான ஆஸ்கரைக் கறுப்பினப் பெண்கள் முதன்முதலாக வாங்கியதே 2021-இல்தான், மியா நீலும் ஜமிகா வில்சனும். 2023 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அங்கே நடிகர் சங்கம் போட்ட ஒப்பந்தத்தில் வெள்ளையரல்லாத நடிகர்களின் முடி, மேக்கப் பற்றியும் சேர்த்தார்கள். இங்கேயும் அப்படி எழுத்தில் வர வேண்டும். என் நிறத்து ஸ்டிக் செட்டில் இருக்க வேண்டியது கம்பெனியின் பொறுப்பு, என் பொறுப்பு இல்லை.

அது வருகிற வரைக்கும் எனக்கு டப்பாதான். குழைத்த கலவையை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, எந்த ஸ்டிக் எவ்வளவு என்று மூடியில் மார்க்கரால் எழுதிக் கொடுக்கிறார். 250 ரூபாய், எனக்கு இரண்டு மாதம் வந்தது. ஆடிஷன் மேக்கப் 600. ஆராம் நகரில் இது மலிவு இல்லை, ஆனால் நியாயம். செட்டில் டப்பாவை நீட்டினால் சில தாதாக்கள் முகம் சுளிக்கிறார்கள். ஒருவர் மட்டும் மூடியில் இருந்ததைப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

குறையும் இருக்கிறது. முடி வேலைக்கு ஒரு சின்னப் பெண் இருக்கிறாள், அவளுக்கு நம் சுருட்டை முடி பழக்கமில்லை. கேட்காமலே முடியை நேராக்குகிற அயர்னைச் சூடு பண்ணிவிட்டாள். இரண்டாவது தடவை நானே தடுத்து, எண்ணெய் தொட்டுக் கையால் வகிர்ந்து பின்னிக்கொண்டேன். தாயியிடமும் சொன்னேன், கோபப்படாமல் கேட்டுக்கொண்டார். உடை மாற்ற ஒரு திரைதான். சனிக்கிழமை ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும், உட்கார இருப்பது ஒரே பெஞ்சு.

மூன்றாவது தடவை பேங்க் மேனேஜர் வேடத்துக்கு ஆடிஷன் கொடுத்தேன். கிடைக்கவில்லை. ஆனால் அந்த கிளிப்பைப் பார்த்த வேறொரு கோ-ஆர்டினேட்டர், வேடத்துக்குத் தோற்றம் பொருந்துகிறதா என்று பார்க்கிற லுக் டெஸ்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார். ஒரு பள்ளிக்கூட ஹெட்மிஸ்ட்ரஸ் வேடம், செய்தியில் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த வியாழன் போகிறேன்.

நீங்கள் போவதாக இருந்தால் பன்னிரண்டு மணிக்கு முன்னால் போங்கள். அதற்குமேல் அந்த ஜன்னலில் வெளிச்சம் மாறிவிடும், தாயி நிறம் பார்க்க மாட்டார். திங்கள் லீவு.