விரல் நுனி ஆக்சிமீட்டர்: உயரத்தில் தங்குகிறவர்களுக்கு இது எவ்வளவு தூரம் உதவும்?

3,500 மீட்டருக்கு மேலே மாதக்கணக்கில் தங்கி வேலை பார்ப்பவர்கள் கையில் கட்டாயம் இருக்கிற பொருள், விரலில் மாட்டினால் ரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதத்தைக் காட்டுகிற இந்தக் குட்டி ஆக்சிமீட்டர். நானும் வாங்கினேன், அங்கே இருந்த காலம் முழுக்கப் பயன்படுத்தினேன். வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்குங்கள். ஆனால் கூடவே வருகிற கையேட்டில் உயரத்தைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. அதனால் ஸ்க்ரீனில் 85 என்று பார்த்ததும் மூளைக்கு ஆக்சிஜன் போகவில்லை என்று பதறுகிறவர்களும் உண்டு, 92 என்று பார்த்துவிட்டுத் தலைவலியோடு இன்னும் மேலே ஏறுகிறவர்களும் உண்டு. இரண்டாவது ரகம்தான் எனக்குக் கவலை.

முதலில் கருவி. சிவப்பு ஒளி ஒன்று, அகச்சிவப்பு ஒளி ஒன்று விரல் வழியாகப் போகின்றன, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் ஏறியதும் ஏறாததும் அவற்றை வேறு வேறு அளவில் உறிஞ்சுகின்றன, நாடித் துடிப்போடு ஏறி இறங்குகிற பகுதியை மட்டும் பிரித்து எடுத்துக் கணக்குப் போடுகிறது. 1970களில் ஜப்பானில் பொறியாளர் தகுவோ அயோயாகி கண்டுபிடித்த வழி இது, இன்றுவரை அடிப்படை மாறவில்லை. துடிப்பை நம்பி இருப்பதால் விரல் சில்லிட்டால் போச்சு. வெளியே இருந்து வந்த கையோடு மாட்டினால் 78 காட்டும், உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிக் கொஞ்ச நேரம் பொறுத்தால் அதே விரலில் 87 வந்து நிற்கும். ஸ்க்ரீன் ஓரத்தில் துடிப்பின் அலை சீராக ஓடினால்தான் எண்ணை நம்பவேண்டும், அதனால் அலை காட்டாத மாடலை வாங்காதீர்கள். கருமையான தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் பழக்கமும் இதற்கு உண்டு, நம்மில் பலர் அதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. அப்புறம் 90க்குக் கீழே போனால் கத்துகிற அலாரம், அந்த உயரத்தில் ராத்திரி முழுக்கக் கத்தும். அளவை மாற்ற முடிகிற மாடலாகப் பாருங்கள்.

சரி, எண் சரியாகவே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது சொல்வது ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனைச் சுமக்கிறது என்பதை மட்டும்தான். மூளைக்கு வந்து சேர்கிற ஆக்சிஜன் அதோடு முடிவதில்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது, மூளைக்கு நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தம் ஓடுகிறது என்பதும் சேரவேண்டும். உடல் எடையில் 2 சதவீதம்தான் மூளை, ஆனால் ஓய்வில் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. அங்கே நடக்கிற எதுவும் விரலுக்குத் தெரியாது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம், உட்கார்ந்துகொண்டு மட்டும் செய்யுங்கள். கருவியை மாட்டிக்கொண்டு வேகமாக, ஆழமாக மூச்சு விடுங்கள். 86 மளமளவென்று ஏறி 93க்குப் போகும், பார்க்க சந்தோஷமாக இருக்கும், ஆனால் தலை கிறுகிறுக்கும், உதட்டோரம் மரத்துப்போகும். காரணம், வேகமாக மூச்சு விடும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடுகிறது, அது குறைந்தால் மூளையின் ரத்த நாளங்கள் சுருங்கும். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் ஒரு மில்லிமீட்டர் பாதரசம் குறைந்தாலே மூளைக்குப் போகும் ரத்தம் சுமார் 2 முதல் 4 சதவீதம் குறையும். எண் ஏறுகிறது, ஓட்டம் இறங்குகிறது. உயரத்துக்குப் போன புதிதில் இந்த இழுபறிதான் நாள் முழுக்க நடக்கிறது, ஆக்சிஜன் குறைவு நாளங்களை விரிக்கப் பார்க்கிறது, கார்பன் டை ஆக்சைடு குறைவு சுருக்கப் பார்க்கிறது.

எது ஜெயிக்கிறது என்பதை 1966இல் அமெரிக்க மருத்துவர் ஜான் செவரிங்காஸ் குழு வெளியிட்ட ஆய்வில் பார்க்கலாம். 3,810 மீட்டரில் முதல் 6 முதல் 12 மணி நேரத்துக்குள் மூளையின் ரத்த ஓட்டம் 24 சதவீதம் கூடியிருந்தது, 3 முதல் 5 நாட்களில் அந்தக் கூடுதல் 13 சதவீதமாக இறங்கிவிட்டது. அதன் பிறகு ஹீமோகுளோபினும் ஏற ஏற, ஓட்டம் பழைய அளவை நெருங்குகிறது. இந்த நாட்களில் ஆக்சிமீட்டரும் மெல்ல ஏறுகிற எண்ணைக் காட்டும், அதனால் முதல் சில வாரங்களுக்கு இது உண்மையிலேயே நல்ல துணை. காலையில் எழுந்ததும், அதே விரலில், அதே இடத்தில் உட்கார்ந்து பார்த்துக் குறித்து வையுங்கள். பக்கத்து அறைக்காரருடைய எண்ணோடு ஒப்பிட வேண்டாம், உங்கள் நேற்றைய எண்ணோடு ஒப்பிடுங்கள்.

அதற்கடுத்து நடப்பது கருவிக்கு முற்றிலும் எட்டாத விஷயம். எலிகளைக் குறைந்த ஆக்சிஜனில் வைத்தால் சுமார் மூன்று வாரங்களில் மூளையில் புது நுண்ணிய ரத்தக் குழாய்கள் முளைத்து அடர்த்தி கூடிவிடுகிறது, ரத்தத்துக்கும் நரம்பணுவுக்கும் நடுவே ஆக்சிஜன் கடக்கவேண்டிய தூரம் குறைகிறது. திரும்ப சாதாரணக் காற்றுக்குக் கொண்டுவந்தால் அந்தக் குழாய்கள் சில வாரங்களில் மறைந்தும் போகின்றன. தேவைக்கு ஏற்றபடி மூளை தன் குழாய்களைக் கட்டவும் கலைக்கவும் செய்கிறது என்பது எனக்கு இன்னும் பிரமிப்பாக இருக்கிறது.

தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்பவர்களைப் பார்த்தால் இந்த எண்ணை மதிப்பெண் போல எடுத்துக்கொள்வது எவ்வளவு தப்பு என்று புரியும். ஏறக்குறைய 4,000 மீட்டரில் வாழும் திபெத்தியர்களையும் பொலிவியாவின் ஐமாரா மக்களையும் மானுடவியலாளர் சிந்தியா பீல் அளந்து ஒப்பிட்டபோது திபெத்தியர்களின் ஆக்சிஜன் எண்ணின் சராசரிதான் குறைவாக இருந்தது. ஆனால் அவர்கள் ரத்தம் கெட்டியாவதில்லை, ஹீமோகுளோபின் கிட்டத்தட்ட கடல் மட்ட அளவிலேயே நிற்கிறது, நாளங்களை விரிக்கிற நைட்ரிக் ஆக்சைடு அவர்கள் ரத்தத்தில் அதிகம், மூளைக்கு ஓட்டமும் தாராளம். ஐமாரா போன்ற ஆண்டிஸ் மலை மக்கள் ஹீமோகுளோபினைக் கூட்டிச் சமாளிக்கிறார்கள், ரத்தம் தடித்து மூளைக்குப் போகும் ஓட்டம் குறைகிறது. அது எல்லை மீறும்போது வருவதுதான் பெருவில் மருத்துவர் கார்லோஸ் மோங்கே 1925இல் விவரித்த நோய்: ஓயாத தலைவலி, மயக்கம், காதில் இரைச்சல், தூக்கமின்மை. ஆண்களுக்கு ஹீமோகுளோபின் 21 கிராம், பெண்களுக்கு 19 கிராம் என்பது அதற்கான எல்லைக்கோடு. வருஷக்கணக்கில் உயரத்தில் இருப்பவர்கள் ஆக்சிமீட்டரை மட்டும் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கவேண்டாம், ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

கருவியை அறவே நம்பக்கூடாத இடங்களும் உண்டு. 70க்குக் கீழே அது காட்டுவது ஊகம்தான், ஏனென்றால் அளவு திருத்தம் செய்யும்போது ஆரோக்கியமான ஆட்களின் ரத்தத்தில் அதற்குக் கீழே ஆக்சிஜனை இறக்க மாட்டார்கள். மூடிய கூடாரத்துக்குள் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறியதாகவே படித்து நல்ல எண்ணாகக் காட்டிவிடும், ஆளைக் கொல்லக்கூடிய தவறு இது. உயரத்தால் மூளை வீங்கத் தொடங்கிவிட்டதா என்று தெரிந்துகொள்ள, ஒரு காலின் குதிகால் அடுத்த காலின் விரல் நுனியைத் தொடுகிறபடி நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால், குழறிப் பேசினால், ஸ்க்ரீனில் எந்த எண் இருந்தாலும் சரி, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கீழே இறக்கிவிடுங்கள்.